ஒண்டி ஆள்

"இதெல்லாம் நீ ஒண்டியாவா பாப்பா செஞ்சே?"

2016 மார்ச் மாதம் ஓர் இரவு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் என் சமையலறை மேசை முழுக்கக் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தபோது அவ்வா இப்படிக் கேட்டாள். திருத்தணியில் பல வீடுகளில் பாட்டி அவ்வாதான், அப்பா நைனாதான். தமிழும் தெலுங்கும் ஒரே பானையில் வெந்த ஊர் அது. வடக்கே கொஞ்ச தூரம் போனால் நகரி, ஆந்திரா. எங்கள் வீட்டில் தாத்தா தமிழ், அவ்வா தெலுங்கு. எங்களிடம் பேசும்போது அவ்வா தமிழ்தான் பேசுவாள். அவளுக்கு அப்போது 84 வயது.

அவளுக்குப் புரிகிற மாதிரிதான் சொல்லியிருந்தேன். "இந்த நாட்டுல நிரந்தரமா இருக்கணும்னா, நான் பெரிய ஆளுன்னு நானே எழுதி நிரூபிக்கணும் அவ்வா. என்னென்ன கண்டுபிடிச்சேன், யாரெல்லாம் அதைப் பாராட்டினாங்க, எல்லாத்துக்கும் தாள் கேக்கறாங்க. போன மாசம் அனுப்பினேன். பத்தாது, இன்னும் காட்டுன்னு கடிதாசி வந்திருக்கு."

அதற்குத்தான் அந்தக் கேள்வி. ஒண்டியாவா? எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒண்டி என்றால் தனி. அவள் குறையாகக் கேட்கவில்லை. இவ்வளவு வேலையையும் பேத்தி ஒருத்தியாகவா செய்தாள் என்ற கவலையில் கேட்டாள். எனக்குத்தான் பதில் வரவில்லை. அமைதியாக இருந்துவிட்டு, "காலையில பேசறேன் அவ்வா" என்று வைத்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

*

நைனாவுக்கு நகரி போகும் சாலையில் 2 ஏக்கர் மானாவாரி நிலம். ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை விதைப்பார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற சொல் வாயில் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், கடல் தாண்டி வந்து, வந்த வழியில் இருந்த ஊரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு எங்கள் செம்மண்ணில் வேர்விட்டிருக்கிறது. நைனா விதைத்தது டி.எம்.வி-2. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட ரகம். தாத்தா விதைத்ததும் அதுதான். பேத்தி எழுதப் போகிற ஆய்வுக் கட்டுரையிலும் அதன் பெயர் வரும் என்று யாருக்குத் தெரியும்?

செடி நூறு நாளுக்கு மேல் நிலத்தில் இருக்கும். பூத்து, விழுது மண்ணில் இறங்கி, காய் பிடித்து, பருப்பு முற்றுகிற கடைசி நான்கைந்து வாரத்தில் மழை ஏமாற்றிவிட்டால் போச்சு. அந்த வாரங்களில் நைனா வானத்தைப் பார்ப்பார். அம்மா நைனாவின் முகத்தைப் பார்ப்பாள்.

அம்மா கடலை மில்லில் வேலை பார்த்தாள். உடைத்துக் கொட்டிய பருப்பில் சொத்தை பொறுக்கும் வேலை. இருபது பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பருப்புக் குவியல், ஆளுக்கொரு முறம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக மில்லுக்குத்தான் போவேன். அம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குவியலுக்குள் கொக்கு மாதிரி இறங்கி ஒரு பருப்பை மட்டும் கவ்விக்கொண்டு மேலே வரும். சுருங்கினது, தோல் கறுத்தது, முளைக்குருத்தில் பூசணம் ஏறினது, எண்ணெய் கசிந்து மினுங்குவது. பார்த்துக்கொண்டே இருப்பேன், ஆனால் அவள் எதைக் கண்டு எடுத்தாள் என்று எனக்குப் பிடிபடாது. கேட்டால், "கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி கை பாத்துடும்" என்பாள். நான் ஒரு பருப்பை வாயில் போட்டுக் கசக்கிறது என்றால், "முழுங்காதே, துப்பு, வாயைக் கொப்பளி" என்று பதறுவாள். ஏன் என்று அவளுக்கும் தெரியாது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கும் தெரிந்திருக்காது. கசந்தால் துப்ப வேண்டும், அவ்வளவுதான்.

நான் படித்த பள்ளியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படம் மாட்டியிருக்கும். 1888 செப்டம்பர் 5-ஆம் தேதி எங்கள் ஊரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர், குடியரசுத் தலைவரானவர். ஆசிரியர் தினத்தன்று நாடு முழுக்க இனிப்புக் கொடுப்பார்கள், எங்களுக்கோ அது ஊர்த் திருவிழா. தலைப்பாகையும் கண்ணாடியுமாக அவர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அசாதாரணமான ஆள் என்றால் எனக்கு அந்தப் படம்தான். அந்தச் சொல்லை என் பெயருக்கு முன்னால் போட்டு ஒரு விண்ணப்பம் எழுதுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் வெட்கத்தில் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்திருப்பேன்.

*

பிளஸ் டூ முடித்துக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அங்கேதான் ஒருநாள், இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே, அம்மா துப்பச் சொன்ன கசப்பின் உறவினனைப் பார்த்தேன். நீலமாக ஒளிர்ந்தது.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனவர்கள் தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றார்கள். அதில் இருந்தது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் உண்டாக்கும் நஞ்சு. அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்வதற்கு பி, பச்சையாக ஒளிர்வதற்கு ஜி என்று வகை பிரித்தார்கள். ஆங்கிலத்தில் அந்த நிறங்களின் முதலெழுத்து. பி-1 என்பது கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்குவது. 1974-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பழங்குடி கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004-இல் கென்யாவில் அதேபோல 125 பேர்.

இந்த நஞ்சின் விசித்திரம், அது எல்லாப் பருப்பிலும் பரவி இருப்பதில்லை. கடைசி வார வறட்சியில் வெடித்த காய், பூச்சி துளைத்த காய் என்று எங்கோ ஒன்றிரண்டில் குவிந்திருக்கும். சில சமயம் ஆயிரம் பருப்பில் ஒன்று. அந்த ஒன்று மூட்டை முழுவதையும் கெடுத்துவிடும். அமெரிக்க உணவுத் துறை வைத்திருக்கும் வரம்பு நூறு கோடியில் 20 பங்கு. மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்தால் அந்த ஒன்று கையில் வரலாம், வராமலும் போகலாம். ஆக, எவ்வளவு அள்ளுவது, எங்கே அள்ளுவது, எதைப் பார்த்துப் பிரிப்பது என்பதே ஒரு தனி அறிவியல்.

பேராசிரியர் இதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு மில் தெரிந்தது. இரண்டு வரிசைப் பெண்கள் தெரிந்தார்கள். ஆயிரத்தில் ஒன்றைத் தேடுகிற இருபது ஜோடிக் கைகள். அந்த விரல்கள் எதைப் பார்த்து எடுக்கின்றன, எடுத்ததில் நஞ்சு எவ்வளவு, விட்டதில் எவ்வளவு? அந்தக் கேள்விதான் என் வாழ்க்கை ஆயிற்று. விடுமுறையில் ஊருக்குப் போய், அம்மாவும் அவள் கூட்டாளிகளும் பொறுக்கிப் போட்ட சொத்தையை வகை வகையாகப் பிரித்து, பாக்கெட் போட்டு, ஒவ்வொன்றிலும் அவர்கள் சொன்ன காரணத்தை எழுதிக் கோவைக்கு எடுத்துப் போனேன். அந்த நோட்டை நைனாதான் அட்டை போட்டுக் கொடுத்தார்.

2005-இல் மேற்படிப்புக்கு ஜார்ஜியா வந்தேன். அமெரிக்கா விளைவிக்கும் கடலையில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மாநிலத்தில் விளைகிறது. ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரே இங்கே கடலை விவசாயியாக இருந்தவர்தான். மண் சிவப்பு. இறங்கிய முதல் வாரம் ஒரு வயலோரம் உட்கார்ந்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் பட்டம் முடித்து அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தேன். பொறுக்கும் கண்ணை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது, மாதிரி எடுக்கும் முறையைத் திருத்துவது, இவைதான் என் வேலை.

*

வேலை மண்ணில் வேர்விட்டது, விசா விடவில்லை.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்த அச்சம் சொல்லாமலே புரியும். என் விசாவின் நிழலில் கணவரும் மகனும் இருந்தார்கள். எனக்கு முடிந்தால் மூவருக்கும் முடிந்தது. ஆய்வுப் பணி என்பது நிதி இருக்கும்வரை. நிதி நின்று வேலை போனால், அன்றே தங்கும் உரிமையும் போகும் காலம் அது. 60 நாள் அவகாசம் என்ற விதி 2017-இல்தான் வந்தது.

2012-இல் இரண்டாம் பிரிவில், அதாவது ஈ.பி-2-இல், எனக்காக நிரந்தர வசிப்புரிமை மனு போடப்பட்டது. அமெரிக்கா ஆண்டுக்கு ஏறக்குறைய 1,40,000 பேருக்கு வேலை வழியாக கிரீன் கார்டு தருகிறது, அதில் மனைவி மக்களும் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஐஸ்லாந்துக்கும் அதே அளவு, இந்தியாவுக்கும் அதே அளவு. மாதாமாதம் விசா புல்லட்டின் வரும். நாங்கள் ராசி பலன் பார்ப்பதுபோலத் திறந்து பார்ப்போம். 2016 தொடக்கத்தில் இந்தியர்களுக்கான ஈ.பி-2 வரிசை 2008-ஆம் ஆண்டு மனுக்களிடம் நின்றிருந்தது. என் முறை எப்போது என்று விரல்விட்டு எண்ணினால் மகன் கல்லூரி போய்விடுவான் போலிருந்தது.

முதல் பிரிவில் ஒரு வாசல் இருந்தது. 1990-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் திறந்துவைத்த வாசல். அறிவியல், கலை, கல்வி, தொழில், விளையாட்டு ஆகியவற்றில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கு என்று ஈ.பி-1ஏ. அதற்கு முதலாளி வேண்டாம், வேலை உத்தரவு வேண்டாம், நம் மனுவை நாமே போடலாம். அன்று இந்தியர்களுக்கு அங்கே வரிசையும் இல்லை. (2018-இல் அங்கும் வரிசை வந்துவிட்டது.) ஆனால் நம் துறையின் உச்சிக்கு வந்துவிட்ட மிகச் சிலரில் நாம் ஒருவர் என்று காட்டியாக வேண்டும். நோபல் போன்ற ஒரு பெரிய பரிசு இருந்தால் போதும். இல்லையென்றால் 10 அளவுகோல்களில் குறைந்தது 3. விருதுகள், தகுதி பார்த்தே சேர்க்கும் சங்கங்களில் உறுப்பினர் பொறுப்பு, நம்மைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்தி, பிறர் ஆய்வை மதிப்பிட அழைக்கப்படுவது, துறையில் பெரும் மாற்றம் உண்டாக்கிய சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், கண்காட்சி, புகழ்பெற்ற நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பு, உயர்ந்த சம்பளம், கலையில் வணிக வெற்றி.

மூன்று கட்டத்தில் டிக் அடித்தால் முடிந்தது என்றும் இல்லை. போகோஸ் கசாரியன் என்ற இயற்பியலாளர் தொடுத்த வழக்கில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அவர் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் இரண்டு படி முறை வந்தது. முதலில் மூன்று அளவுகோல் நிறைகிறதா என்று எண்ணுவார்கள், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து வைத்து இவர் உண்மையிலேயே உச்சியில் இருப்பவர்தானா என்று எடைபோடுவார்கள். தோற்ற ஒருவரின் பெயரை அவருக்குப் பின்னால் வந்த நாங்கள் அத்தனை பேரும் உச்சரித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு மூன்று அளவுகோல் இருந்தன. கட்டுரைகள் இருந்தன. பிறர் கட்டுரைகளை மதிப்பிட்ட கடிதங்கள் இருந்தன. சொந்தப் பங்களிப்பு என்பதுதான் எழுதிக் காட்ட வேண்டியது.

*

எழுத உட்கார்ந்தால் கை நகரவில்லை. என் கட்டுரைகள் எல்லாவற்றிலும் 'நாங்கள்' என்றே இருந்தது. நாங்கள் அளந்தோம், நாங்கள் கண்டோம். வழக்கறிஞர் நல்லவர், பொறுமையாகச் சொன்னார்: "இந்த மனு ஒருவருக்கானது. 'நாங்கள்' என்று எழுதினால் படிக்கிற அதிகாரிக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. 'நான்' என்று எழுதுங்கள்." அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு வார இறுதி முழுக்க 'நாங்கள்' எல்லாவற்றையும் 'நான்' ஆக்கினேன். ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ ஒருவரை அறையைவிட்டு வெளியே அனுப்புவதுபோல இருந்தது. ஆய்வகத் தோழி போனாள், வயலில் செடி பிடுங்கிய மாணவர்கள் போனார்கள். மில் பெண்கள் அந்தத் தாள்களுக்குள் ஒருநாளும் வந்ததே இல்லை.

அந்த மாதங்களில்தான் எல்லாப்பிரகட சுப்பாராவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பீமவரத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்தவர். தெலுங்கில் பிறந்து சென்னையில் வளர்ந்த அறிவு என்பதால் எங்கள் ஊர்க்காரர் மாதிரியே எனக்குத் தோன்றுவார். 1923 பிப்ரவரியில் பகத்சிங் திண்ட் வழக்கில் இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் சுப்பாராவ் பாஸ்டனில் இறங்கினார். மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு ஹார்வர்டில் படித்தார். அங்கிருந்த ஃபிஸ்க் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டார். கோவை ஆய்வகத்தில் அந்த முறையை நானே என் கையால் செய்திருக்கிறேன். உடலின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி-யை இனங்கண்டவர்களில் ஒருவர். லெடர்லி மருந்து நிறுவனத்தில் அவர் நடத்திய ஆய்வுக் குழுவிலிருந்து ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கும் வழி வந்தது, புற்றுநோய்க்கு முதல் மருந்துகளில் சில வந்தன, யானைக்கால் நோய்க்கு டை-எத்தில் கார்பமசின் வந்தது. தமிழ்நாட்டில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து யானைக்கால் மாத்திரை கொடுத்து முன்னாலேயே விழுங்கச் சொன்னார்களே, அந்த மாத்திரை. 1946-இல் சட்டம் மாறி, ஆண்டுக்கு 100 இந்தியர் என்று கதவு சற்றே திறந்தது. 1948 ஆகஸ்டில் அவர் இறந்தபோது அமெரிக்காவில் ஏறக்குறைய 25 ஆண்டு வாழ்ந்திருந்தார், ஆனால் அமெரிக்கக் குடிமகன் ஆகியிருக்கவில்லை. தன் பெயரை முன்னால் நிறுத்தாதவர் என்று அவரோடு வேலை செய்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இரவில் அதைப் படித்துவிட்டு என் மனுவைப் பார்ப்பேன். பக்கத்துக்குப் பக்கம் நான், நான், நான். எனக்குக் கண்ணீர் வரும்.

2016 பிப்ரவரியில் மனு போயிற்று. கூடுதல் கட்டணம் கட்டினால் 15 நாளில் பதில் வரும், கட்டினேன். வந்த பதில் ஆர்.எஃப்.இ. கூடுதல் ஆதாரம் கேட்டு எழுதும் கடிதம். கட்டுரைகளை ஏற்றுக்கொண்டிருந்தார்கள், மதிப்பீட்டுப் பணியை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பங்களிப்பில்தான் கேள்வி. இந்த நஞ்சைப் பற்றி உலகில் பலர் ஆராய்கிறார்கள், இவர் கொண்டுவந்த புதியது என்ன, அது இவருடையதுதான் என்று எதை வைத்துச் சொல்வது? பதில் தர மூன்று மாதம்போல அவகாசம்.

அன்று இரவுதான் அவ்வாவிடம் பேசினேன்.

*

அவ்வாவுக்குக் காகிதங்களைப் பற்றி ஒரு தனிக் கருத்து உண்டு. அவள் நகரிப் பக்கத்திலிருந்து திருத்தணிக்கு மருமகளாக வந்தபோது இரண்டும் ஒரே சென்னை மாகாணம். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம் எங்கள் ஊர்த் தெருக்களில்தான் நடந்தது. தாத்தா கூட்டங்களுக்குப் போவார், மனுக்களில் கையெழுத்து வாங்கித் தருவார். வீட்டில் தெலுங்கு பேசும் மனைவி சோறு போட்டு அனுப்பிவைப்பாள். பிறகு எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரை வந்தது. கிராமம்தான் அலகு, அங்கே எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம், பக்கத்து நிலத்தோடு தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து எல்லை வகுத்தார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி திரும்பி வந்தது.

நைனா 1955-இல் ஆந்திராவில் பிறந்தார். அத்தை 1961-இல் சென்னை மாநிலத்தில் பிறந்தாள். அதே அறை, அதே மருத்துவச்சி. அவ்வா சொல்லுவாள்: "தாள்ல ஊரு போச்சு, தாள்ல ஊரு வந்துச்சு. அடுப்பு வெச்ச எடத்துலயே இருந்துச்சு."

ஊரே ஒரு காலத்தில் தன் இருப்பிடத்தை நிரூபிக்க மனுப் போட்டிருக்கிறது. அந்த மனு ஒண்டி ஆள் எழுதியதில்லை. தாத்தா ஒருவர் கையெழுத்துப் போட்டால் ஊர் வந்துவிடுமா? கிராமம் கிராமமாக எண்ணினார்கள்.

அவ்வாவின் கேள்வியும் அவளுடைய அடுப்பும் தலைக்குள் சேர்ந்தே கிடந்தன. ஒருநாள் விடிகாலையில் நைனா அட்டை போட்ட அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அம்மாவும் மற்றவர்களும் சொன்ன காரணங்கள் என் கல்லூரிக் கையெழுத்தில் இருந்தன. 'மூக்கு கறுத்தது.' 'தோல் உரிஞ்சு ஒட்டினது.' 'கனம் இல்லாதது.' 'மினுமினுப்பு.' அப்போதுதான் உறைத்தது. அதிகாரி கேட்ட கேள்விக்கு விடை இந்த நோட்டில்தான் இருக்கிறது. நஞ்சை அளக்க உலகில் பலருக்குத் தெரியும். ஆனால் எதை அளப்பது என்ற என் கேள்வி எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை, திருத்தணி மில்லிலிருந்து வந்தது. அந்தப் பெண்களின் பிரிப்பை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையிலும் நஞ்சை அளந்து, அதை மாதிரி எடுக்கும் முறையாக மாற்றியது என் வேலை. என் புதுமை எது என்று காட்ட வேண்டுமானால், அது எங்கே தொடங்கியது என்று காட்டித்தான் ஆக வேண்டும்.

வழக்கறிஞரிடம் சொன்னேன். முதலில் தயங்கினார். பங்களிப்பை நீங்களே பிறருக்குப் பிரித்துக் கொடுப்பதுபோல் ஆகிவிடுமோ என்றார். நோட்டின் பக்கங்களை மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அம்மாவின் வேலையை ஆதாரம் என்று நினைக்க எனக்கு அதுவரை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

புது அறிக்கையில் முதல் பத்தி மில். தேதி போட்ட நோட்டுப் பக்கங்கள் எக்ஸிபிட் ஆகச் சேர்ந்தன. என்னோடு வேலை செய்யாத, என் கட்டுரைகள் வழியாக மட்டுமே என்னை அறிந்தவர்களிடமிருந்து கடிதங்கள் கேட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில் கடலையில் வேலை பார்க்கும் ஓர் ஆய்வாளர், தம் ஊரிலும் பெண்கள்தான் பொறுக்குகிறார்கள், அவர்கள் கையை அளக்க வேண்டும் என்று தாம் யோசித்ததே என் கட்டுரையைப் படித்தபிறகுதான் என்று எழுதியிருந்தார். அவர் முகத்தை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. அந்தக் கடிதத்தை அச்செடுத்து அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "அங்கயும் முறம்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

2016 மே மாதம் பதில் அனுப்பினோம். 'நான்' என்ற சொல் அதிலும் இருந்தது. இம்முறை அது உறுத்தவில்லை, ஏனென்றால் எது என்னுடையது என்று எனக்கே அப்போதுதான் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஜூனில் மனு ஏற்கப்பட்டது. கைரேகை வைத்தேன், மருத்துவப் பரிசோதனை முடிந்தது, பிறந்த சான்றிதழ், பெற்றோர் பிறந்த ஊர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். 2017 தொடக்கத்தில் மூவருக்கும் அட்டைகள் தபாலில் வந்தன. என் அட்டையில் பிரிவு என்ற இடத்தில் ஈ-16 என்று இருந்தது. அந்தக் குறியீட்டுக்குள் ஒரு கடலை மில் இருக்கிறது என்று அந்த அட்டையைப் பார்க்கும் யாருக்கும் தெரியாது.

*

அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் ஊருக்கு வந்தோம். அம்மாதான் வரச் சொன்னாள். "படித் திருவிழாவுக்கு வா. வேண்டிக்கிட்டிருக்கேன்."

திருத்தணி மலைக்கு 365 படி, ஆண்டின் நாளுக்கு ஒன்று. சூரனோடும் வேடரோடும் போர் முடித்து முருகன் சினம் தணிந்த இடம் என்பதால்தான் தணிகை. மற்ற முருகன் கோயில்களில் பெரிதாக நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே கிடையாது. டிசம்பர் 31 அன்று பஜனைக் குழுக்கள் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறும். ஆங்கிலப் புத்தாண்டில் துரைமார் வீட்டு வாசலில் போய் நின்ற வழக்கத்தை மாற்றி, துரைக்கெல்லாம் துரையான முருகனிடம் போவோம் என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்தது.

அவ்வாவால் ஏற முடியாது. அடிவாரத்தில் முதல் படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவள் அட்டையைக் கேட்டாள். கொடுத்தேன். முந்தானையால் துடைத்து, தெருவிளக்குப் பக்கம் திருப்பி, என் படத்தைப் பார்த்தாள்.

"ஊரு எங்க போட்டிருக்கான்?"

"ஊரு இல்ல அவ்வா. பிறந்த நாடு இந்தியான்னு போட்டிருக்கு. அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "நல்லதாப் போச்சு. எழுதலேன்னா மாத்தி எழுத முடியாது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மில் இப்போது இல்லை. பொறுக்கும் வேலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட காலம். என் ஆய்வும் அந்த இயந்திரங்களுக்குக் கண் கொடுத்த வேலைகளில் ஒன்று என்பதை நான் மறக்கவில்லை. அம்மாவோடு முறம் பிடித்தவர்களில் மூன்று பேர் அன்று வந்திருந்தார்கள். மூத்தவளுக்கு முட்டி வலி, ஆனாலும் ஏறுவேன் என்றாள். அவர்களிடம் நோட்டைப் பற்றிச் சொன்னேன். எந்தப் பக்கத்தில் யார் சொன்னது இருக்கிறது என்று ஒவ்வொருவர் பெயராகச் சொன்னேன். அதற்குப் பின் வந்த என் கட்டுரைகளின் நன்றியுரையில் திருத்தணி மில் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். "நாங்க இன்னா பண்ணோம்?" என்றாள் மூத்தவள். "சொத்தை பொறுக்கினோம். அதுக்குத்தான் கூலி குடுத்தாங்களே."

"கூலி பத்தாது அத்தே" என்றேன். வேறு சொல் வரவில்லை.

அம்மா முதல் படியில் குனிந்தாள். தட்டில் மஞ்சள், குங்குமம், கற்பூரம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து குங்குமத்துக்குள் இறங்கி ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு மேலே வந்தன. எனக்கு அந்தக் கை தெரியும். இத்தனை ஆண்டும் வேண்டாததை எடுத்துப் போட்ட விரல்கள், இன்று ஒவ்வொரு படியிலும் வேண்டியதை வைத்துக்கொண்டு போயின. அடுத்த படிக்கும் அதே அளவு. அதற்கு அடுத்ததற்கும்.

நான் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு, அவளுக்கு ஒரு படி பின்னால் ஏறினேன்.